திருவிதாங்கூர் மணலும் வல்லரசுகளும்

கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே, வள்ளியாறு கடலில் சேரும் இடத்தை ஒட்டி இருக்கிறது மணவாளக்குறிச்சி. இந்தக் கடற்கரையில் மணல் பல இடங்களில் வரிவரியாகக் கறுத்துக் கிடக்கும். கேரளத்தின் கொல்லத்துக்கு வடக்கே நீண்டகரை, சவரா கடற்கரையிலும் இதே கருமணல் உண்டு. 1949 வரை இவ்விரு கரைகளும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஜெர்மனியும் பிரிட்டனும் அமெரிக்காவும் இந்த மணலுக்காக ஒன்றையொன்று முந்தப் பார்த்தன.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து, ஆறுகளின் வழியே கடலுக்கு வருகின்றன. அலை அவற்றைக் கரையில் போட்டுப் புடைக்கிறது. முறத்தில் பதர் பறந்து மணி தங்குவதுபோல, இலேசான வெண்மணல் கடலுக்குத் திரும்பிவிட, கனமான தாதுக்கள் கரையில் படிகின்றன. கறுப்பாகத் தெரிவது இல்மனைட். அதோடு சிவந்த கார்னெட், நிறமற்ற சிர்கான், பழுப்புச் சிவப்பான ரூட்டைல், தேன் நிற மோனசைட் எல்லாம் கலந்திருக்கும். அளவில் குறைந்தது மோனசைட். அதற்காகத்தான் முதல் ஆலை வந்தது. சீரியம், லாந்தனம், நியோடைமியம் முதலான அருமண் தனிமங்களின் பாஸ்பேட் அது. கூடவே தோரியமும் அதில் உண்டு. திருவிதாங்கூர் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 விழுக்காடு வரை இருந்தது. அப்போது சந்தையை ஆண்ட பிரேசில் மோனசைட்டில் 5 அல்லது 6 விழுக்காடுதான்.

விளக்குத் திரிக்காக வந்த ஜெர்மானியர்

தோரியத்துக்கு விலை ஏற்படுத்தியவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். துணிவலையை உலோக உப்புக் கரைசலில் நனைத்து எரித்தால் எஞ்சும் சாம்பல் வலை, வாயுச் சுடரின்மேல் வைக்கும்போது வெண்மையாக ஒளிரும் என்று அவர் கண்டார். தமிழ்நாட்டில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வழியே ‘மேண்டில்’ என்று பழகிப்போனது இதுதான். 1891 வாக்கில் 99 பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் கொண்ட கலவை சரியாக அமைந்தது. ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகளும் வீட்டு விளக்குகளும் இந்த மேண்டிலுக்கு மாறின. தோரியம் நைட்ரேட்டுக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது.

மோனசைட்டிலிருந்து தோரியத்தைத் தனியே பிரித்தெடுப்பது எளிதல்ல. ஒன்றையொன்று ஒத்த தனிமங்கள் ஒரே கனிமத்தில் பிணைந்து கிடப்பதால் அமிலத்தில் கரைத்து, வீழ்படிவாக்கி, மீண்டும் கரைத்து எனப் பல படிகளில் செய்யவேண்டிய வேலை அது. இந்த வேலையில் ஜெர்மன் ஆலைகள் முன்னே நின்றன. தங்களுக்குள் கூட்டமைப்பு வைத்து விலையையும் அவையே தீர்மானித்தன. பிரேசிலின் பாகியா, எஸ்பிரித்து சாந்து கடற்கரைகளிலிருந்து மணல் ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

இந்தியாவிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909இல் சோதித்தார். அதில் மோனசைட் இருந்தது. நார் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு அவர் திருவிதாங்கூரின் தென்கோடிக்கு வந்து சேர்ந்தார். 1910இல் மணவாளக்குறிச்சியிலும் அடுத்த ஆண்டு சவராவிலும் மணலைப் பிரிக்கும் ஆலைகள் எழுந்தன. கரையில் மணலை வாரிக் கழுவி, காந்தத்தின் உதவியால் தாதுக்களை வகைப்படுத்துவதோடு ஆலையின் வேலை முடிந்தது. இல்மனைட்டைக் காந்தம் வலுவாக இழுக்கும், மோனசைட்டை இலேசாக இழுக்கும், சிர்கானை இழுக்கவே இழுக்காது. பிரித்த மோனசைட் கப்பலேறியது. அதிலிருந்து தோரியம் எடுக்கும் வேலை கடலுக்கு அப்பால் நடந்தது.

இப்படி, பிரிட்டிஷ் மேலாதிக்கத்தில் இருந்த ஒரு சமஸ்தானத்தின் கனிமம் ஜெர்மன் தொழிலுக்குத் தீனியாகியது. பிரிட்டனின் மேண்டில் உற்பத்தியாளர்கள்கூடத் தங்கள் பேரரசுக்குள் கிடைத்த கனிமத்தின் பயனை ஜெர்மன் ஆலைகளிடமிருந்து வாங்கவேண்டியிருந்தது. 1914இல் போர் மூண்டதும் இந்த நிலை தலைகீழானது. ஜெர்மன் உளவாளி என்ற குற்றச்சாட்டில் ஷோம்பெர்க் கைதானார். ஆலைகள் மூடப்பட்டன. ஜெர்மன் மூலதனத்தை வெளியேற்றி, மோனசைட் தொழிலைப் பிரிட்டிஷார் கைக்கு மாற்ற லண்டன் அரசே தலையிட்டது. லண்டன் காஸ்மோபாலிட்டன் மினரல் கம்பெனி ஆலைகளை ஏற்றது. அதே 1914இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஜி. எச். டிப்பர் திருவிதாங்கூர் மோனசைட் மணல் குறித்த ஆய்வை வெளியிட்டார். 1920 வாக்கில் லண்டனின் ஹாப்கின் அண்ட் வில்லியம்ஸ் நிறுவனமும் வந்து சேர்ந்தது.

கழிவு சரக்கான கதை

போர் முடிந்தபோது மின்விளக்கு பரவத் தொடங்கியிருந்தது. மேண்டிலின் தேவை குறைந்தது, மோனசைட்டின் விலையும் இறங்கியது. ஆனால் ஆலைகள் மூடப்படவில்லை. அதுவரை கழிவென்று ஒதுக்கிக் குவித்துவைத்த இல்மனைட்டுக்கு அந்த நேரத்தில் ஒரு சந்தை பிறந்தது.

இல்மனைட்டில் டைட்டானியம் இருக்கிறது. டைட்டானியம் டை ஆக்சைடு மிக வெண்மையான நிறமி. ஈய வெள்ளையைப்போல நச்சும் கிடையாது. முதல் உலகப் போர்க் காலத்தில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் இதன் தொழில்முறை உற்பத்தி தொடங்கியது. வண்ணப்பூச்சு, காகிதம், ரப்பர் என எங்கும் அது புகுந்தது. 1922 முதல் திருவிதாங்கூர் இல்மனைட்டை ஏற்றுமதி செய்தது. 1930களில் உலக இல்மனைட்டில் பெரும்பகுதி இந்தக் கரையிலிருந்தே போயிற்று. 1932இல் சவராவில் எஃப். எக்ஸ். பெரைரா அண்ட் சன்ஸ் என்ற உள்ளூர் நிறுவனமும் இத்தொழிலில் இறங்கியது. இம்முறை மோனசைட் துணைப்பொருளாகச் சுருங்கியது.

ஆனாலும் மோனசைட் வாங்குவோர் அடியோடு மறையவில்லை. மேண்டில் செய்து வளர்ந்த சிகாகோவின் லிண்ட்சே லைட் நிறுவனம் திருவிதாங்கூர் மோனசைட்டைத் தொடர்ந்து வாங்கியது. தோரியம் போக எஞ்சும் அருமண் உப்புகளுக்கும் வேலை இருந்தது. சிகரெட் லைட்டரின் தீப்பொறிக் கல்லில் சீரியம் சேர்ந்தது. திரைப்பட ஒளிவீழ்த்தியிலும் போர்க்காலத் தேடுவிளக்கிலும் எரியும் கார்பன் தண்டுக்குள் அருமண் கலவை வைத்தால் ஒளி கூடியது. இரண்டாம் உலகப் போரில் இந்த மணலை அமெரிக்கா விடாமல் வாங்கியதற்கு இது ஒரு காரணம்.

அணுவின் நிழல்

கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில் கிளென் சீபோர்கும் உடன் உழைத்தவர்களும் 1941-42இல் ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். தோரியத்தில் நியூட்ரான் பாய்ந்தால் அது யுரேனியம்-233 ஆக மாறும். அந்த யுரேனியம் பிளவுறும் தன்மை உடையது. தோரியம் அணு எரிபொருளாகக்கூடும் என்பது இதனால் தெளிவாயிற்று. யுரேனியம் உலகில் அரிது என்றே அப்போது நம்பினார்கள். அதனால் தோரியமும் கைநழுவிவிடக் கூடாத பொருளாகியது.

1944 ஜூன் 13 அன்று ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். அதன்படி ‘கம்பைண்ட் டெவலப்மென்ட் டிரஸ்ட்’ என்ற இரகசிய அமைப்பு தோன்றியது. மன்ஹாட்டன் திட்டத்தை நடத்திய ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸ் அதன் தலைவர். உலகில் எங்கெல்லாம் யுரேனியமும் தோரியமும் உண்டோ அங்கெல்லாம் அவற்றைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவருவதும், சோவியத் ஒன்றியத்துக்குக் கிட்டாமல் தடுப்பதும் அதன் நோக்கம். காங்கோவின் யுரேனியத்துக்காக பெல்ஜியத்தோடு ஏற்பாடு செய்தார்கள். 1945இல் பிரேசிலோடு மோனசைட்டுக்காக இரகசிய உடன்பாடு கண்டார்கள். எஞ்சிய பெரிய இருப்பு திருவிதாங்கூரில் இருந்தது. இந்தியா பிரிட்டனின் ஆட்சியில் இருந்ததால் அங்கே பேச்சு நடத்துவது லண்டனின் பொறுப்பாயிற்று.

சமஸ்தானத்தின் திவான் சர் சி. பி. ராமசுவாமி ஐயர். 1936 முதல் அப்பொறுப்பில் இருந்த அவர் தொழில் வளர்ச்சியில் முனைப்புக் காட்டினார். பள்ளிவாசல் நீர்மின் திட்டம் 1940இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அந்த மின்சாரத்தை நம்பி ஆலுவாவில் அலுமினியம், உர ஆலைகள் வந்தன. 1946இல் திருவனந்தபுரத்தில் டைட்டானியம் ஆலைக்கு அடித்தளம் இடப்பட்டது. மணலை மணலாகவே விற்காமல், பண்டமாக்கி விற்கவேண்டும் என்ற எண்ணம் இம்முயற்சிகளில் தெரிந்தது. ஹிரோஷிமாவுக்குப் பிறகு மோனசைட்டின் மதிப்பு என்ன என்பதும் அவருக்குத் தெரியும். 1946இல் மோனசைட் ஏற்றுமதியைத் திருவிதாங்கூர் நிறுத்தியது. சிகாகோ ஆலைக்குச் சரக்கு வரவில்லை.

வாங்குவோரிடம் அவர் வைத்த நிபந்தனை, மோனசைட் வேண்டுமானால் தோரியம் பிரிக்கும் ஆலையைத் திருவிதாங்கூரிலேயே அமைத்துத் தரவேண்டும் என்பது. 1947 தொடக்கத்தில் பிரிட்டனோடு இந்த அடிப்படையில் ஓர் ஏற்பாடு உருவானது. மூன்றாண்டுகளில் ஆயிரக்கணக்கான டன் மோனசைட் கொடுப்பது, பதிலுக்கு ஆலை பெறுவது என்பது அதன் சாரம்.

இதே நேரத்தில் டெல்லியில் நேரு தலைமையில் இடைக்கால அரசு பொறுப்பேற்றிருந்தது. ஹோமி பாபா தலைமையில் அணு ஆராய்ச்சிக் குழு இயங்கியது. விடுதலை பெறவிருக்கும் நாட்டின் அணுத் திட்டத்துக்கு அடிப்படையாகும் கனிமத்தை ஒரு சமஸ்தானம் தனியே அயல்நாட்டுக்குத் தருவதை டெல்லி விரும்பவில்லை. பாபாவும் சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் திருவிதாங்கூரோடு பேசினார்கள். மோனசைட் பற்றி முடிவெடுக்க இரு தரப்பும் சேர்ந்த குழு ஒன்றுக்கு வழி பிறந்தது.

1947இன் கோடை

பிரிவினைத் திட்டம் ஜூன் 3 அன்று வெளியானது. ஜூன் 11 அன்று, ஆட்சி மாற்றத்துக்குப் பின் திருவிதாங்கூர் தனிநாடாக இருக்கும் என்று திவான் அறிவித்தார். கடற்கரை, துறைமுகம், சுங்க வருவாய், தோட்டப் பயிர்கள் ஆகியவற்றோடு மோனசைட்டும் அந்தத் துணிவுக்குப் பின்னால் இருந்தது. லண்டனில் கருத்து ஒன்றாக இல்லை. அணுப் பொருள்களைத் தேடிக்கொண்டிருந்த வழங்கல் அமைச்சகத்துக்குத் தனித் திருவிதாங்கூர் வசதியாகப் பட்டது. சமஸ்தானங்கள் இரண்டு டொமினியன்களில் ஒன்றோடு சேர்ந்துவிட வேண்டும் என்பதில் மவுண்ட்பேட்டன் உறுதியாக இருந்தார். விடுதலை பெறும் இந்தியாவின் பகையை விலைகொடுத்து மணல் வாங்குவது பிரிட்டனுக்குக் கட்டுப்படியாகாது என்ற கணக்கே இறுதியில் வென்றது.

சமஸ்தானத்துக்கு உள்ளேயும் தனிநாட்டுக்கு ஆதரவு இல்லை. 1946 அக்டோபரில் புன்னப்புரா, வயலாரில் தொழிலாளர் எழுச்சி துப்பாக்கியால் ஒடுக்கப்பட்ட நினைவு ஆறவில்லை. திருவிதாங்கூர் மாநிலக் காங்கிரஸ் திவானை எதிர்த்துப் போராடியது. ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் இசை நிகழ்ச்சி ஒன்றிலிருந்து கிளம்பியபோது சி. பி. வெட்டுப்பட்டார். உயிர் தப்பினார். சில நாட்களில் மகாராஜா சித்திரைத் திருநாள், இந்தியாவோடு சேரச் சம்மதம் என்று மவுண்ட்பேட்டனுக்குத் தந்தி அனுப்பினார். ஆகஸ்டில் திவான் பதவி விலகி வெளியேறினார். மோனசைட்டின் மீதான இறுதிச் சொல் டெல்லிக்குப் போனது.

கோதுமையும் தோரியமும்

ஆள் மாறினாலும் நிபந்தனை மாறவில்லை. 1948 ஏப்ரலில் அணுசக்திச் சட்டம் நிறைவேறியது. ஆகஸ்டில் பாபாவைத் தலைவராகக் கொண்டு அணுசக்தி ஆணையம் அமைந்தது. பதப்படுத்தாத மோனசைட் வெளியே போகக் கூடாது என்பது கொள்கையாயிற்று. ஆலை அமைக்கும் தொழில்நுட்பத்தைப் பிரெஞ்சு அருமண் நிறுவனம் ஒன்று தந்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் அணு விவகாரங்களில் பிரான்சைத் தள்ளிவைத்திருந்த காலம் அது. 1950 ஆகஸ்ட் 18 அன்று மத்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் சேர்ந்து இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. 1952 டிசம்பர் 24 அன்று அதன் ஆலுவா ஆலையை நேரு திறந்துவைத்தார்.

இதற்கிடையே பஞ்சம் ஒரு பேரத்தைக் கொண்டுவந்தது. 1950இல் மழை பொய்த்ததால் இந்தியா அமெரிக்காவிடம் 20 லட்சம் டன் தானியம் கேட்டது. தானியத்துக்குப் பதில் மோனசைட்டும் மாங்கனீசும் வேண்டும் என்று அமெரிக்க காங்கிரஸில் குரல்கள் எழுந்தன. அணு ஆயுதத்துக்குப் பயன்படக்கூடிய பொருளைத் தருவதில்லை என்ற நிலையை நேரு விட்டுக்கொடுக்கவில்லை. பல மாத இழுபறிக்குப் பின் 1951 ஜூனில் 19 கோடி டாலர் கடனுக்கான சட்டத்தில் ட்ரூமன் கையெழுத்திட்டார். தானியம் வந்தது, மோனசைட் போகவில்லை.

அதே பேரம் பிரேசிலில் வேறு விதமாக முடிந்தது. யுரேனியம், தோரியம் ஏற்றுமதியை 1951இல் பிரேசில் கட்டுக்குள் கொண்டுவந்தது. ஆனால் 1954இல் அமெரிக்காவின் ஒரு லட்சம் டன் கோதுமைக்குத் தோரியத்தைக் கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்தக் கோதுமை பேரம் பின்னர் பிரேசில் அரசியலில் பெரும் சர்ச்சையாக வெடித்தது.

இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே அடுத்த உரசல் 1953 ஜூலையில் வந்தது. சுமார் ஒரு டன் தோரியம் நைட்ரேட் பம்பாயில் போலந்துக் கப்பல் ஒன்றில் சீனாவுக்கு ஏற்றப்பட்டது. கொரியப் போர் முடியும் தறுவாயில் இருந்த நேரம். கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு அணுத் தொடர்புள்ள பொருளை விற்கும் நாட்டுக்கு உதவியை நிறுத்தச் சொல்லும் ‘பேட்டில் சட்டம்’ அமெரிக்காவில் அமலில் இருந்தது. யாருக்கு எதை விற்பது என்பதை இன்னொரு நாட்டின் சட்டம் தீர்மானிக்க முடியாது என்றது டெல்லி. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸும் டெல்லியிலிருந்த அமெரிக்கத் தூதர் ஜார்ஜ் ஆலனும் பேசிப் பேசி வழி தேடினார்கள். உதவி நிற்கவில்லை. சீனாவுக்கு அந்த வணிகமும் தொடரவில்லை.

மணலின் மவுசு குறைந்த காலம்

இந்தியா கதவை அடைத்ததால் வாங்குவோர் வேறு இடம் தேடினர். தென்னாப்பிரிக்காவின் ஸ்டீன்காம்ப்ஸ்கிரால் சுரங்கம் 1950களின் தொடக்கத்தில் மோனசைட் தரத் தொடங்கியது. கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸில் 1949இல் கண்டறிந்த பாஸ்ட்னசைட் கனிமம், தோரியம் மிகக் குறைவாகவும் அருமண் மிகுதியாகவும் கொண்டிருந்தது. 1960களில் வண்ணத் தொலைக்காட்சிக்கு யூரோப்பியம் தேவைப்பட்டபோது அந்தச் சுரங்கமே முன்னிலைக்கு வந்தது. கனடா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என யுரேனியமும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கிடைத்தது. தோரியத்துக்கான அவசரம் வல்லரசுகளுக்கு இல்லாமல் போயிற்று.

இந்தியாவுக்கு மட்டும் அந்த நம்பிக்கை நீடித்தது. 1954இல் பாபா முன்வைத்த மூன்று கட்ட அணுத் திட்டத்தின் கடைசிக் கட்டம் தோரியத்தை நம்பியது. ஆலுவாவில் பிரித்த தோரியத்தைச் சுத்திகரிக்க 1955இல் டிராம்பேயில் ஆலை அமைந்தது. யுரேனியம்-233 கொண்டு இயங்கும் காமினி என்ற சிறிய ஆய்வு உலை கல்பாக்கத்தில் 1996இல் செயல்படத் தொடங்கியது. தோரியத்தைப் பெருமளவில் எரிக்கும் மின் உலை இன்னும் வரவில்லை.

மணவாளக்குறிச்சியும் பல கை மாறியது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் வட்டத்தோடு அது சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. 1963இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் முழு மத்திய அரசு நிறுவனமான பிறகு சவரா, மணவாளக்குறிச்சி ஆலைகள் அதன் கீழ் வந்தன.

காந்தமும் புதிய போட்டியும்

1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே நியோடைமியம்-இரும்பு-போரான் காந்தம் உருவானது. கைக்கு அடக்கமான அளவில் பெரும் விசை தரும் இந்தக் காந்தம் கணினி வட்டிலிருந்து காற்றாலை, மின்வாகனம், ஏவுகணை வரை பரவியது. நூறாண்டுக்கு முன் தோரியம் எடுத்தபின் மிச்சமாகக் கிடந்த அருமண்களில் ஒன்றுக்கு இப்படி முதன்மை வந்தது. சீனா உள் மங்கோலியாவின் பாயன் ஓபோ சுரங்கத்தையும் தென்மாகாணங்களின் களிமண்ணையும் கொண்டு மலிவாக உற்பத்தி செய்தது. அதோடு நிற்காமல் பிரித்தெடுத்தல், உலோகமாக்கல், காந்தமாக்கல் என அடுத்தடுத்த படிகளையும் தன் நாட்டிலேயே வளர்த்தது. விலை வீழ்ந்ததில் மவுண்டன் பாஸ் 2002இல் நின்றது. ஆலுவாவிலும் 2004இல் மோனசைட் பதப்படுத்துவது நின்றது.

2010இல் சென்காகு தீவுகள் அருகே நடந்த கப்பல் மோதலை அடுத்து, ஜப்பானுக்குச் சீன அருமண் வரத்து தடைப்பட்டது. 2012 நவம்பரில் இந்தியாவும் ஜப்பானும் அருமண் உடன்பாடு செய்தன. ஒடிசாவின் சத்ரபூரில் மோனசைட் பதப்படுத்தும் வேலை மீண்டும் தொடங்கியது. 2025 ஏப்ரலில் அமெரிக்காவோடு நடந்த வரிப்போரின் நடுவே ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா உரிமம் கட்டாயமாக்கியபோது இந்திய வாகன ஆலைகளும் காந்தம் கிடைக்காமல் தவித்தன.

இந்தியக் கடற்கரைகளில் 1.2 கோடி டன்னுக்கு மேல் மோனசைட் இருப்பதாக அணுக்கனிம இயக்ககம் கணித்திருக்கிறது. கையிருப்பு அவ்வளவு இருந்தும் காந்தம் இறக்குமதியாகவே வருகிறது. 1910இல் ஹாம்பர்க்கிடம் இருந்ததும், 1947இல் சி. பி. ஆலையாகக் கேட்டதும், இன்று சீனாவிடம் இருப்பதும் மணலைப் பிரித்துப் பண்டமாக்கும் திறன்தான். தாது மணலை அகழ்வது 2019 முதல் அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது. கன்னியாகுமரி மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டத்தில் சுமார் 1,144 ஹெக்டேரில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலரிப்பையும் கதிர்வீச்சையும் காட்டி மீனவ ஊர்கள் எதிர்த்துவருகின்றன. ஷோம்பெர்க் காலம் முதல் நடந்த பேரங்கள் எதிலும் இந்த ஊர்களைக் கேட்டு முடிவெடுத்ததில்லை.